பதில்: 500 பயனர் சோதனையில் மறுமொழி 8 வினாடி, சர்வரின் சிபியு 30 சதவீதம்தான். எதை அளப்பது?

சர்வரைத் தொடுவதற்கு முன், ஜேமீட்டர் (பல பயனர்கள் போலக் கோரிக்கை அனுப்பிச் சுமையைச் சோதிக்கும் மென்பொருள்) ஓடும் கணினியைப் பாருங்கள். வரைகலைத் திரையோடு 500 பயனர்களை ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திரை சோதனையை எழுதிச் சரிபார்க்க மட்டும்தான். கட்டளை வரியில் ஓட்டி, முடிவுகளைக் கோப்பில் சேமியுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கணினியே திணறி, அந்தத் தாமதமும் உங்கள் 8 வினாடியில் சேர்ந்துவிடும்.

அதன் பிறகும் தாமதம் குறையவில்லையா? சிபியு சும்மா இருக்கிறது என்றால் கோரிக்கைகள் வேறு எங்கோ காத்திருக்கின்றன என்று அர்த்தம். எனக்கு முதல் சந்தேகம் டேட்டாபேஸ் இணைப்புத் தொகுப்பின் (கோரிக்கைகள் மாறி மாறிப் பயன்படுத்தத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகள்) மேல்தான். அதில் எத்தனை இணைப்பு பயன்பாட்டில் இருக்கிறது, எத்தனை கோரிக்கை காத்திருக்கிறது என்பதை 5 வினாடிக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். கூடவே த்ரெட் (சர்வரில் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) எண்ணிக்கை, வட்டின் காத்திருப்பு நேரம், டேட்டாபேஸில் மெதுவான வினவல்களின் பதிவு. நிமிடச் சராசரி எடுத்தால் 10 வினாடி நெரிசல் அதில் கரைந்துபோகும்.

எல்லாக் கணினிகளின் கடிகாரமும் என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) மூலம் ஒத்திருக்கட்டும், ரொம்ப முக்கியம். நேரம் பொருந்தாத பதிவுகளை ஒப்பிட்டு நான் இரண்டு நாள் இழந்திருக்கிறேன்.

அப்புறம், சராசரியை விட்டுவிட்டு 95ஆவது சதமானத்தை, அதாவது 100 கோரிக்கைகளில் 95 எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்பதைப் பாருங்கள். இணைப்புத் தொகுப்பின் எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.