ஆச்சிமார் பணம்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

தேவகோட்டையில் கல்லூரி மாணவிகளோடு மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்துகிறோம். சென்ற மாதம் கு.ப.ரா.வின் (கு.ப. ராஜகோபாலன்) 'ஆற்றாமை' சிறுகதை. இது பொறாமைக் கதை, விடுதலை வேட்கை எங்கே இருக்கிறது என்று பலரும் கேட்டார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் வட்டித்தொழில் செய்தபோது அவர்கள் வீட்டுப் பெண்களான ஆச்சிமார்தான் குடும்பத்தை ஆண்டார்கள், அவர்களுக்கு அந்த ஏக்கமே இருந்திருக்காது என்றார் ஒருவர். பெண் விடுதலை பேசும், 'மணிக்கொடி' இதழ் காலத்து எழுத்தாளர்களின் கதைகள் ஐந்து சொல்லுங்கள். இதில் புதுமைப்பித்தன் மேலா, கு.ப.ரா. மேலா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை வாசிக்கிறீர்கள், நன்றாக இருங்கள். யார் மேல் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதனால் ஒரு கதையும் கூடுதலாகப் புரியப்போவதில்லை.

ஆனால் ஆச்சிமாருக்கு ஏக்கமே இல்லை என்றவரை அங்கேயே மடக்கியிருக்க வேண்டாமா? சாவிக்கொத்து இடுப்பில் இருந்தால் சுதந்திரம் வந்துவிடுமா? கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர் திரும்ப மூன்று வருஷம். கல்யாணமான கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் வேறுவைப்பார்கள். வீடும் வளவும் ஒன்றுதான், அடுப்பு மட்டும் தனி. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று மாமனார் அளந்து கொடுப்பார். அதற்குள் குடித்தனம் நடத்துவது அவள் பாடு. மிஞ்சினால் கெட்டிக்காரி, பற்றாவிட்டால் பேச்சு.

அவளுக்கென்று பணம் இருந்தது, உண்மைதான். பிறந்த வீட்டுச் சீதனம் வட்டிக்கடையில் அவள் பேரில் வரவாகும். பேரேட்டில் 'ஆச்சிமார் பணம்' என்று தனி வகையே உண்டு. ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் கூடி மாதாமாதம் வட்டி விகிதத்தை முடிவு செய்வார்கள். அவள் கானாடுகாத்தானில் இருப்பாள். பணம் அவளுடையது. ஏட்டில் எழுதுகிற கையும், யாருக்குக் கடன் விடுவது என்ற முடிவும் ஆண்களுடையவை. 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மா விவசாயிகளால் கடன் கட்ட முடியவில்லை. கொடுத்த பணம் நிலமாகத் திரும்பியது. 1942இல் ஜப்பான் படை வந்ததும் அந்த நிலமும் எட்டாமல் போனது. தன் பணம் போன கதையைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் அவள் கேட்டிருக்க வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 'ஆற்றாமை'யின் சாவித்திரியிடம் போங்கள். கணவன் தூரத்தில். பக்கத்தில் ஒரு இளம் தம்பதி. அவர்களைத் தேடி வேளைகெட்ட வேளையில் ஆள் வருகிறான். ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். அவர்கள் கதவு தட்டப்படும்படி செய்துவிடுகிறாள். புருஷனோடு எப்போது சேர்ந்திருப்பது என்பதைத் தீர்மானிப்பது அவன் உத்தியோகம். அவளைக் கேட்பார் இல்லை. தன் இஷ்டப்படி அவள் செய்ய முடிந்தது அந்த ஒரு காரியம்தான். கெட்ட காரியம்தான். விடுதலை வேட்கை நல்ல காரியமாகத்தான் வெளியே வர வேண்டும் என்று யார் சொன்னார்கள்? மேடைப் பேச்சையே எதிர்பார்த்துக் கதைக்குள் போவதால்தான் உங்கள் கூட்டத்துக்கு அது கண்ணில் படவில்லை. வாசல் தாண்டுகிறாளா என்று பார்க்காதீர்கள். புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தில், சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை எங்கே போனாள்? மறுபடி கல்லானாள்.

புதுமைப்பித்தன் காரைக்குடி 'ஊழியன்' இதழில் கொஞ்சகாலம் வேலை பார்த்தவர். அதே ஊரில் சொ. முருகப்பாவும் மரகதவல்லியும் 1930களிலேயே விதவை மறுமணத்துக்காகப் பாடுபட்டார்கள். இவ்வளவு பக்கத்தில் வந்தும் ஆச்சிமார் பேரேடு அன்றைய சிறுகதையில் உரிய இடம் பெறவில்லை என்பது எனக்குத் தீராத குறை.

ஐந்து கதை கேட்டீர்கள். இந்த இரண்டோடு கு.ப.ரா.வின் 'விடியுமா?' சேர்த்து மூன்று போதும். முதலில் 'ஆற்றாமை'யையே மறுபடி, வாய்விட்டு வாசியுங்கள். ஆள் வருகிற இடத்தில் நிறுத்தி, அவள் என்ன செய்யலாம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். முடிவை முன்கூட்டிச் சொன்னால் பொறாமை என்ற தீர்ப்போடு உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் பழைய கணக்கேடு இருப்பவர்களை எடுத்துவரச் சொல்லுங்கள். ஆச்சி பேரில் உள்ள வரவு பற்றெல்லாம் யார் கையெழுத்தில் இருக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும்.