கடைவாயில் நீல சிமென்ட்: கிளிப் போட்ட பிறகு பற்கள் சேரவில்லையே?

கேள்வி: 14 வயது மகளுக்கு மேல் வரிசைப் பல் கீழ் வரிசையை முழுக்க மூடியிருந்தது. கிளிப் போட்டு 12 நாள் ஆகிறது. கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டிலும் நீல நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறார்கள். அது மட்டும்தான் இடிக்கிறது, மற்ற பற்கள் சேரவே இல்லை. வலதுபக்கம் உயரமாகத் தெரிந்ததால் நகம் தேய்க்கும் அரத்தால் கொஞ்சம் தேய்த்தேன். வலிக்கு தினமும் டைக்ளோஃபினாக் கொடுக்கிறேன். தாடை மூட்டே போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வாய் இனி மூடாதா?

பதில்: மூடும். இப்போது மூடக்கூடாது என்பதற்காகத்தான் அதை ஒட்டியிருக்கிறார்கள்.

அது பெரும்பாலும் கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்டாக இருக்கும். டீப் பைட், அதாவது மேல் பல் கீழ்ப் பல்லை அளவுக்கு மீறி மூடும் கடி, உள்ளவர்களுக்குக் கீழ்ப் பல்லில் பிராக்கெட் (கிளிப் கம்பியைப் பிடிக்கும் சிறு துண்டு) ஒட்டினால், மேல் பல் நேராக அதன்மேல் இடிக்கும். பிராக்கெட் பிய்ந்து வரும். பீங்கான் பிராக்கெட்டாக இருந்தால் மேல் பல்லின் எனாமலே தேயும். அதைத் தடுக்க ஓரிரு மில்லிமீட்டர் உயரம் கொடுக்கிறோம். நீல நிறம் எதற்கென்றால், பிறகு எடுக்கும்போது சிமென்ட் எது, பல் எது என்று பிரித்துப் பார்க்கத்தான். மேல் பல் கீழ்ப் பல்லை மூடுவது குறையக் குறைய அந்தச் சிமென்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சில மாதத்தில் எடுத்துவிடுவார்கள்.

என் கவலையெல்லாம் அந்த அரம்தான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்று உங்கள் மருத்துவர் கார்பன் தாளைக் கடிக்கவைத்து அளவு பார்த்திருப்பார். ஒரு பக்கம் தேய்ந்தாலோ உடைந்து விழுந்தாலோ, கடிக்கும் பாரம் முழுவதும் மறுபக்கத்து ஒற்றைப் பல்லில் இறங்கும். அந்தப் பல் வலிக்கும், ஆடும். தாடை வசதியான இடம் தேடி ஒருபக்கம் நகரும். சோதித்துப் பாருங்கள்: மகளை நிமிர்ந்து உட்காரவைத்து, கடை பில் தாளில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, ஒவ்வொரு பக்கமாக வைத்துக் கடிக்கச் சொல்லி மெல்ல இழுங்கள். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் நல்லது. ஒரு பக்கம் வழுக்கி வந்துவிட்டால் அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். இரண்டொரு நாளில் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். பிடித்தாலும் சரி, தேய்த்த விஷயத்தை போனிலாவது சொல்லிவிடுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.

டைக்ளோஃபினாக்கை இன்றே நிறுத்துங்கள். 14 வயதுப் பெண்ணுக்கு நாள் கணக்கில், அதுவும் யாரையும் கேட்காமல் கொடுக்கிற மாத்திரையா அது? வயிற்றைப் புண்ணாக்கும். கிளிப் வலி முதல் நாள், இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும். ஒரு வாரத்தில் அடங்கும். அதற்கு பாராசிட்டமால் போதும். 12ஆம் நாளிலும் மாத்திரை இல்லாமல் முடியவில்லை என்றால், தாள் சோதனை எப்படி வந்தாலும் நேரில் காட்டுங்கள்.

பற்கள் லேசாக ஆடுவது, பேச்சு சற்றுக் குழறுவது, தாடையில் வலியில்லாத 'கிளிக்' சத்தம் எதற்கும் பயம் வேண்டாம். சிமென்ட் துண்டை விழுங்கினால் மலத்தோடு போய்விடும். விழுங்கும்போது இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி. வாய் திறக்க முடியாமல் தாடை பூட்டிக்கொண்டால் அன்றே போக வேண்டும். அந்த வீடியோவைப் பொறுத்தவரை, அதில் பேசியவர் உங்கள் மகளின் வாயைப் பார்க்கவில்லை.

சாப்பாடு: இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம். முறுக்கும் கரும்பும் வேண்டாம், சிமென்ட் உடைவது பெரும்பாலும் அவற்றில்தான்.