எடை மெஷினுக்குத் தெரியாத கொழுப்பு

கேள்வி: எனக்கு 44 வயது. நான்கு மாதமாக வாரம் ஐந்து நாள், 40 நிமிடம் வேக நடை போகிறேன். எடை 82 கிலோவிலிருந்து 81-க்கு வந்ததோடு சரி. பெல்ட் மட்டும் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112-லிருந்து 99 ஆகியிருக்கிறது. கொழுப்பு கரையவில்லையா, தசையாக மாறிவிட்டதா? பேசாமல் நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்திவிடாதீர்கள். பெல்ட்டைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

கொழுப்பு தசையாக மாறாது. இரண்டும் வேறு வேறு செல்கள். தசை கொஞ்சம் கூடலாம், கொழுப்பு கொஞ்சம் குறையலாம், மெஷினில் இரண்டும் கழிந்துபோகும்.

வயிற்றை விரலால் கிள்ளிப் பாருங்கள். கையில் சிக்குவது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. பெரிய வில்லன் அது இல்லை. சிக்காமல் உள்ளே குடலைச் சுற்றிப் படிந்திருக்கிறதே, அதுதான் தொல்லை. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தோடு நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு சேரச் சேர இன்சுலின் சொல்பேச்சு எடுபடுவதில்லை, சர்க்கரை ஏறுகிறது. நல்லவேளையாக, உடற்பயிற்சியின்போது சுரக்கும் அட்ரினலினுக்கு இந்த உள்கொழுப்புதான் சீக்கிரம் இளகும். எடை அசையாதவர்களுக்குக்கூட இது குறைவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

இதில் தசைக்கும் பங்கு உண்டு. வேலை செய்யும் தசை இன்டர்லூகின்-6 என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. டென்மார்க்கில் செய்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு இந்தப் பொருளைத் தடுக்கும் மருந்தும் கொடுத்தார்கள். அதே பயிற்சிதான், ஆனால் மருந்து எடுத்தவர்களுக்கு உள்கொழுப்பு குறையவில்லை. வெறும் கலோரிக் கணக்காக இருந்திருந்தால் இரு பிரிவினருக்கும் குறைந்திருக்க வேண்டுமே!

கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டையும் இல்லை. பசியை அடக்கும் லெப்டினை அதுதான் சுரக்கிறது என்று 1994-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். செல்கள் அளவுக்கு மீறி உப்பினால் அங்கே அழற்சி தொடங்கும். பயிற்சி செய்தால் அவை சுருங்கும். எண்ணிக்கை என்னவோ பெரிதாகக் குறையாது. நடையை விட்டால் அதே செல்கள் மறுபடி நிரம்பிக்கொள்ளும்.

சர்க்கரை இறங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இயங்கும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் ஓரிரு நாள் இன்சுலின் நன்றாக வேலை செய்யும், அவ்வளவுதான். அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். வாரம் இருமுறை எடை தூக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவரானால் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எடை ஏன் இறங்கவில்லை என்றால், நடந்துவிட்டு வந்த பசியில் நம்மை அறியாமல் கொஞ்சம் கூடச் சாப்பிட்டுவிடுகிறோம். நானும் விதிவிலக்கில்லை.

மெஷின் மாதம் ஒருமுறை போதும். அதற்குப் பதில் காலையில் சாப்பிடும் முன் இன்ச் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பின் அளந்து குறித்து வையுங்கள். வயிற்றை எக்கக் கூடாது! அடுத்த ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடையும் (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) சேர்த்துப் பாருங்கள். அதுவும் இறங்கியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.