எக்ஸ்எக்ஸெல் உடம்புக்கு ஸ்கூபா கியர்: எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

கேள்வி: வணக்கம்ங்கண்ணா, கோயமுத்தூர்லருந்து எழுதுறனுங்க. வயசு 34, உயரம் 5 அடி 8, வெயிட்டு 118 கிலோ, தொப்பை கொஞ்சம் ஜாஸ்திங்க. ஜனவரில அந்தமான் ஹேவ்லாக் தீவுக்குப் போய் ஸ்கூபால மொத கோர்ஸான ஓப்பன் வாட்டர முடிச்சிடலாம்னு இருக்கேன். போன வருஷம் ஒரு எடத்துல சும்மா ட்ரை பண்ணப்ப அவங்க கிட்ட இருந்த பெரிய வெட்சூட்டே (உடம்போட ஒட்டி நிக்கற ரப்பர் மாதிரி டைவிங் டிரஸ்) தொடைக்கு மேல ஏறலீங்க, ரெண்டு பசங்க ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்தாங்க, சுத்தி நின்னவங்க எல்லாம் பாத்தாங்க, மானமே போச்சு. கடைசில டீசர்ட்டோட எறங்குனேன். பிசிடி, அதாங்க சிலிண்டர தாங்கற, காத்து ஊதி மிதக்கற ஜாக்கெட், அத ஊதுனதும் நெஞ்ச அமுக்கி மூச்சு வாங்க முடியல. இந்த தடவை எல்லாத்தையும் சொந்தமா வாங்கிட்டே போயிடலாமுங்களா?

பதில்: எல்லாத்தையும் வாங்கிடாதீங்க தம்பி. நானும் மூணு இலக்க வெயிட்டு ஆளுதான், மொத கோர்ஸுக்கு முன்னாடியே ஆசைல ஒரு பிசிடி வாங்கி அது ரெண்டே டைவ்ல பரணுக்குப் போயிடுச்சு, அந்த வயித்தெரிச்சல்லதான் சொல்றேன்.

மொதல்ல செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு ரூபா செலவில்ல. நீங்க போற டைவ் சென்டருக்கு முன்கூட்டியே மெசேஜ் போடுங்க, கிலோ சொல்லாம அளவு சொல்லுங்க. 118 கிலோன்னா "இருக்கு சார் வாங்க"ன்னுதான் பதில் வரும், அங்க போனா பழைய கதைதான். ஏன்னா 118 கிலோல ஒருத்தருக்கு நெஞ்சு பெருசா இருக்கும், இன்னொருத்தருக்கு வயிறு, இன்னொருத்தருக்கு தொடை. தெருமுனை டெய்லர் கிட்ட போய் நெஞ்சு, தொப்புளுக்கு நேரா வயிறு, சீட், தொடை, கெண்டைக்கால், மேல்கை, கழுத்து எல்லாம் சென்டிமீட்டர்ல எடுத்து அனுப்பிட்டு, உங்க கிட்ட இருக்கற பெரிய பிசிடியோட லேபிள போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு கேளுங்க. அனுப்பற கடை உங்களை நல்லா பாத்துக்கும், அதுலயே பாதி தெரிஞ்சிடும்.

அடுத்து வெட்சூட். அந்தமான் தண்ணி 27லருந்து 30 டிகிரி வரைக்கும் இருக்கும், அதுக்கு 3 மில்லிமீட்டர் சூட்டே தாராளம். நம்ம உடம்புல ஏற்கனவே இயற்கையா ஒரு கோட்டு இருக்கறதால மத்தவன் நடுங்கறப்ப நாம சொகமா இருப்போம். அதனால சூட் அமையலன்னா ட்ரிப் கேன்சல்னு நெனைக்க வேணாம், முழுக்கை ரேஷ்கார்டும் (உடம்போட ஒட்டுற மெல்லிசான நீச்சல் சட்டை) லைக்ரா லெக்கிங்ஸும் போதும், பவளத்துல உரசினாலும் ஜெல்லி மீன் பட்டாலும் தோலுக்கு ஒரு மறைப்பு. இல்ல வாங்கியே தீருவேன்னா ஒரு விஷயம், ரெண்டு சைஸ் பெருசா எடுத்தா வயித்துக்கு சேரும், ஆனா கை விரலத் தாண்டித் தொங்கும், முதுகுப் பள்ளத்துல பை மாதிரி நிக்கும், அந்தப் பை வழியா தண்ணி உள்ள வந்து வந்து போனா சூட் போட்டதே வேஸ்ட். கை நீளத்த மட்டும் கத்தரிக்கோலால வெட்டிக்கலாம், சூட் செய்யற நியோபிரின் ரப்பர்ல நூல் பிரியாது. கழுத்துதான் முக்கியம், கரையிலயே தலை சுத்தற மாதிரி இறுக்குனா அந்த சூட் வேணவே வேணாம். குந்தி உக்காந்து, கையத் தூக்கி, நெஞ்சு நெறைய ஒரு மூச்சு எடுத்துப் பாருங்க. மாட்டறப்ப பாதத்துல ஒரு பிளாஸ்டிக் கவர சுத்திக்கிட்டு காலை நுழைங்க, வழுக்கிட்டு போகும், ரெண்டு பசங்க தேவைப்படாது.

இப்ப பிசிடி. உங்க நெஞ்சு அமுங்குனதுக்கு காரணம் உங்க வெயிட்டு இல்ல, அந்த ஜாக்கெட் மாடல். அதுல காத்துப்பை வயித்த சுத்தி முன்னாடி வரைக்கும் வரும், ஊதுனா வெளியவும் உப்பும், உள்ளயும் உப்பும், உள்ள இருக்கறது நாமதான். பேக் இன்ஃப்ளேட்னு ஒண்ணு இருக்கு, காத்து மொத்தமும் முதுகுப் பக்கம்தான், முன்னாடி வெறும் பட்டி. அது இருக்கான்னு கேளுங்க. ஜாக்கெட்தான் இருக்குன்னா படகுல ஏறதுக்கு முன்னாடி மாட்டி, ஃபுல்லா ஊதிட்டு, மூச்சு இழுத்துப் பாருங்க. வயித்துப் பட்டியோட வெல்க்ரோ ஒரு அங்குலம்தான் ஒட்டுதுன்னா அது தண்ணில பிச்சுக்கும், ஒரு உள்ளங்கை அகலமாவது ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும்.

கோர்ஸ் முடிச்சு இதே பைத்தியமா ஆயிட்டீங்கன்னா அப்ப பேக்பிளேட்டும் விங்கும் வாங்குங்க. ஒரு தகடு, ஒரே நீள பட்டி, முதுகுல காத்துப்பை, அவ்ளோதான். பட்டிய இழுத்து விட்டா எந்த உடம்புக்கும் சேரும், நீங்க 20 கிலோ கொறைச்சாலும் அதே செட்டுதான். ஸ்டீல் தகடு கிட்டத்தட்ட ரெண்டரை, மூணு கிலோ வரும், தண்ணில எறங்கறதுக்காக இடுப்பு பெல்ட்ல கட்டற ஈயம் அந்த அளவுக்கு கொறையும். என்ன, ஃப்ளைட்ல 15 கிலோ லக்கேஜ்ல அது ஒரு பங்கு தின்னுடும்.

ஈயத்துலயும் உஷாரா இருங்க. குண்டா இருக்கற ஆள பாத்ததும் சில இன்ஸ்ட்ரக்டருங்க கேக்காமலே ரெண்டு மூணு கிலோ சேத்து கட்டிடுவாங்க. கொழுப்பு மிதக்கும்தான், ஒல்லி ஆள விட கொஞ்சம் கூட தேவைப்படும்தான், ஆனா எவ்வளவுன்னு தண்ணில பாத்துதான் சொல்லணும். பிசிடில காத்த முழுசா எடுத்துட்டு, சாதாரணமா ஒரு மூச்சு புடிச்சு அசையாம நின்னா தண்ணி கண் மட்டத்துல நிக்கணும், மூச்ச விட்டா மெதுவா எறங்கணும். சிலிண்டர் ஃபுல்லா இருந்தா ரெண்டு கிலோ சேத்துக்கணும், 11 லிட்டர் சிலிண்டர்ல இருக்கற காத்து மட்டுமே ரெண்டரை கிலோ கிட்ட வரும், டைவ் முடியறப்ப அது போயிருக்கும். பெல்ட் தொப்பைல வழுக்கிக்கிட்டே எறங்கும், ரப்பர் பெல்ட் இருந்தா கேளுங்க, அது நீளுறதால உடம்போட ஒட்டி நிக்கும்.

இப்ப வாங்க வேண்டியதுன்னா மாஸ்க், ஃபின் (கால்ல மாட்டற துடுப்பு), பூட்ஸ். மாஸ்க்க பட்டை போடாம மூஞ்சில வச்சு மூக்கால லேசா இழுங்க, கையெடுத்தாலும் விழாம நின்னா அது உங்களுது. மீசை இருந்தா மூக்குக்கு கீழ ஒரு கோடு மழிச்சுக்குங்க.

இன்னும் மூணு. பிபி, சுகர் மாத்திரை போடறீங்கன்னா மெடிக்கல் ஃபாரத்துல டாக்டர் கையெழுத்து கேப்பாங்க, கோயமுத்தூர்லயே வாங்கிட்டு போங்க. நீச்சல் டெஸ்ட்ல நேரக் கணக்கு இல்லாம 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிஷம் மிதக்கணும், மிதக்கறதுல நம்மள அடிச்சுக்க ஆளே கெடையாது. படகு ஏணில கியரோட ஏற முயற்சி பண்ணாதீங்க, தண்ணிலயே ஈயத்தையும் பிசிடியையும் கழட்டி மேல குடுத்துட்டு அப்பறம் ஏறுங்க, ஒல்லியா இருக்கறவங்களே அப்படித்தான் பண்றாங்க.

கேள்வி: அண்ணா, நான் சென்னை. எனக்கு இடுப்பும் தொடையும்தான் பெருசு, மேல சாதாரண சைஸ். லேடீஸ் எக்ஸெல் ஏறல, ஜென்ட்ஸ் டபுள் எக்ஸெல் போட்டா தோள்ல தொங்குது. பூட்ஸும் கெண்டைக்கால்ல ஜிப் மூடல. என்ன பண்ண?

பதில்: உங்களுக்கு ஒரே பீஸ் சூட்டே சரி வராதும்மா. மேலயும் கீழயும் தனித்தனியா வர்ற ரெண்டு பீஸ் எடுங்க, மேல ஒரு சைஸ், கீழ ஒரு சைஸ்னு கலந்து குடுப்பாங்களான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. கணுக்கால்ல ஜிப் இருந்தா போடறது பாதி சுலபம். பூட்ஸுக்கு கணுக்காலோட முடியற குட்டை மாடல் இருக்கு, கெண்டைக்கால் பேச்சே வராது, அதுக்கு மேல ஸ்பிரிங் பட்டை வச்ச, குதிகால் பக்கம் திறந்த ஓப்பன் ஹீல் ஃபின்ன மாட்டிக்கலாம். ஃபின் வாங்கப் போறப்ப பூட்ஸ கையோட எடுத்துட்டு போங்க, நான் வெறுங்கால்ல போட்டுப் பாத்து வாங்கி மாத்தறதுக்கு ரெண்டு தடவை அலைஞ்சேன்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல டிரிபிள் எக்ஸெல் பிசிடி ஒண்ணு வருது, எடுக்கலாமா ப்ரோ?

பதில்: நேர்ல பாக்காம பணம் அனுப்பாதீங்க. கம்பெனிக்கு கம்பெனி சைஸ் மாறும், லேபிள நம்ப முடியாது. ஃபுல்லா ஊதி ராத்திரி பூரா விடுங்க, காலைல தொய்ஞ்சிருந்தா எங்கயோ ஓட்டை. ஊதற பட்டன அமுக்கி விட்டதும் டக்குன்னு நிக்கணும், ஒட்டிக்கிட்டு ஊதிக்கிட்டே இருந்தா தொடவே வேணாம். பைக்குள்ள கொஞ்சம் நல்ல தண்ணி ஊத்தி குலுக்கி கீழ் வால்வு வழியா வெளிய எடுத்துப் பாருங்க, வெள்ளையா உப்பு உப்பா வந்துச்சுன்னா அந்தாளு ஒரு நாளும் கழுவுனதே இல்லன்னு அர்த்தம், பாதி விலைக்கு கேளுங்க, இல்லன்னா விட்டுடுங்க.