பிரஷர் மாத்திரையும் தாம்பத்தியமும்: கேட்கத் தயங்கிய கேள்விகள்

மாத்திரையைக் காலையில் போடுவதா இரவிலா, உப்பை எவ்வளவு குறைப்பது என்றெல்லாம் சத்தமாகக் கேட்கிறவர்கள், இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுந்து கதவருகே போன பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பலர் அப்போதும் கேட்பதில்லை. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். என் கவலை அவர்களைப் பற்றித்தான்.

மருந்தியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. உங்களைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவரின் இடத்தை நான் எடுத்துக்கொள்ள முடியாது. எந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது, அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். பெயர் சொல்லாமல் வந்த கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: வயது 46. சில மாதங்களாக அட்டெனோலால் 50 மில்லிகிராம் எடுக்கிறேன். விறைப்பு முன்போல் இல்லை, வந்தாலும் நிற்பதில்லை. மாத்திரைதான் காரணமா?

பதில்: இருக்கலாம். பழியை அதன்மேல் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எப்போது தொடங்கியது? மாத்திரை ஆரம்பித்த, அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களுக்குள் என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானது. அதற்கு முன்பே மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்திருந்தால் காரணம் பெரும்பாலும் வேறு. அப்புறம், அதிகாலையில் தூக்கம் கலையும்போது விறைப்பு இருக்கிறதா? அது வழக்கம்போல் இருந்தால் ரத்தக்குழாயும் நரம்பும் ஓரளவு நன்றாகவே வேலை செய்கின்றன. மனதில் இருக்கும் பயத்தையும் அழுத்தத்தையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

விறைப்புக்கு ஆதாரம் ரத்த ஓட்டம். ஆசை எழுந்ததும் ஆண்குறியின் நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது தசையைத் தளர்த்தும், குழாய் விரியும், ரத்தம் நிரம்பும். வருடக்கணக்கில் கட்டுக்குள் இல்லாத ரத்தக்கொதிப்பு கெடுப்பது இந்த உள்சுவரைத்தான். அதனால்தான் மாத்திரையே தொடாத ரத்தக்கொதிப்புக்காரர்களிடமும் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. சர்க்கரை, புகை, தொப்பை கூடச் சேர்ந்தால் இன்னும் மோசம். மாத்திரை தொடங்குவதும் இந்தக் குறை வெளியே தெரிவதும் ஏறக்குறைய ஒரே வயதில் நடக்கின்றன. பழி மாத்திரைமேல் விழுகிறது.

அட்டெனோலால், இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை. இந்த வகைக்குக் கெட்ட பெயர் அதிகம். ஆனால் பல ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, ஆயிரம் பேர் ஒரு வருடம் எடுத்துக்கொண்டால் பாலியல் குறை கூடுதலாக வருவது சுமார் 5 பேருக்கு. அந்த ஐவரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம், மறுக்கவில்லை. அப்படியானால் இதே வகையில் நெபிவோலால் என்று ஒன்று இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு வெளிவருவதைக் கூட்டக்கூடியது. மற்ற பீட்டா பிளாக்கர்களிலிருந்து இதற்கு மாறியவர்களில் பலருக்குக் குறை சரியானதைச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எனக்கு எதற்காக பீட்டா பிளாக்கர் கொடுத்தீர்கள்?" என்பது. மாரடைப்போ இதயத்துடிப்புக் கோளாறோ இல்லாமல், வெறும் பிரஷருக்காக மட்டும் என்றால், இன்று பெரும்பாலான வழிகாட்டுதல்களில் அது முதல் தேர்வு இல்லை. மாற்றுவதற்கு நிறைய இடம் உண்டு.

கேள்வி: நன்றாகத்தான் இருந்தேன். பக்கவிளைவுகளைப் படித்த பிறகுதான் பிரச்சினை ஆரம்பித்தது. எல்லாம் மனப்பிரமையா?

பதில்: பிரமை என்று சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன். 2003இல் இத்தாலிய மருத்துவர்கள் 96 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தது அட்டெனோலால்தான். என்ன மருந்து என்றே சொல்லாத பிரிவில் விறைப்புக் குறை வந்தது 3.1 சதவீதம் பேருக்கு. மருந்தின் பெயரை மட்டும் சொன்ன பிரிவில் 15.6 சதவீதம். பெயரோடு "விறைப்பு பாதிக்கலாம்" என்றும் சொன்ன பிரிவில் 31.2 சதவீதம். ஒரே மருந்து, ஒரே அளவு.

அவர்களுக்கு வந்த குறை பொய்யில்லை. பயம் வந்தால் அட்ரினலின் ஏறும், அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கும், விறைப்பு போகும். "இன்றைக்கு வருமா வராதா" என்று தன்னையே கண்காணித்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு மருந்தே தேவையில்லை, அந்தக் கண்காணிப்பே போதும். அதே ஆய்வில் குறை வந்தவர்களுக்கு, விறைப்புக்கான மருந்தான சில்டெனாஃபிலும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குப் பலன் தந்தன. இப்படித் தொடங்கியது இப்படியே தீரவும் செய்யும். மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மறைக்கும்போதுதான் பயம் பெருகுகிறது.

கேள்வி: எந்த மாத்திரை பாதிக்கும், எது பாதிக்காது? நேராகச் சொல்லுங்கள்.

பதில்: சரி. சந்தேகப் பட்டியலில் முன்னால் நிற்பவை நீர் பிரியச் செய்யும் தயசைடு வகை (ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன்), ப்ராப்ரனோலால், அட்டெனோலால் போன்ற பழைய பீட்டா பிளாக்கர்கள், ஸ்பைரோனோலாக்டோன், மூளையில் வேலை செய்யும் குளோனிடின், மீதைல்டோபா. கடைசி இரண்டும் விறைப்போடு ஆசையையும் மந்தப்படுத்தலாம்.

குளோர்தாலிடோனைப் பற்றி 1997இல் வெளிவந்த ஒரு நல்ல ஆய்வு உண்டு. இரண்டு வருட முடிவில் அதை எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு விறைப்புக் குறை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 8.1 சதவீதம். நான்கு வருடம் போனபோது இரண்டு பிரிவுக்கும் இருந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிட்டது. வெற்று மாத்திரைக்காரர்களிலேயே அத்தனை பேருக்கு வந்ததை நான் எப்போதும் கோடிட்டுக் காட்டுவேன். மாத்திரையைக் குற்றம் சொல்கிற பலர் கவனிக்காத எண் அது.

பொதுவாகப் பாதிக்காதவை: எனலாப்ரில், ராமிப்ரில் போன்று 'ப்ரில்' என்று முடிபவை, லோசார்டன், டெல்மிசார்டன், வல்சார்டன் போன்று 'சார்டன்' என்று முடிபவை, அம்லோடிபின். சார்டன் வகையில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்ததாகக்கூடச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதை நம்பி அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். கெடுக்காது என்பதே போதுமான நல்ல செய்தி.

ஒரு எச்சரிக்கை. "நான் டெல்மிசார்டன்தானே எடுக்கிறேன்" என்பவரின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்திருக்கும். இரண்டு, மூன்று மருந்து கலந்த மாத்திரைகள் இன்று சாதாரணம். பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்ற சின்ன எழுத்தைப் படியுங்கள். மனச்சோர்வுக்கு எடுக்கும் மருந்துகளில் பலவும் ஆசையையும் உச்சத்தையும் பாதிக்கும்; அவற்றையும் மருத்துவரிடம் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் மூன்று வாரமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதாகப் பொய் சொல்கிறார். காரணம் இதுதான் என்று எனக்குப் புரிகிறது. நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது நல்லது. முதலில் அவருடைய பிரஷரை அளந்துவிடுங்கள், இன்றைக்கே. 180க்கு 120 அல்லது அதற்கு மேல் இருந்து, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எதுவும் கூட இருந்தால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் எந்த மாத்திரையை நிறுத்தினார் என்று பாருங்கள். குளோனிடினைத் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் பிரஷர் எகிறும். இதயநோய் உள்ளவர் பீட்டா பிளாக்கரைச் சட்டென விட்டால் நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். மற்ற மாத்திரைகளில் அவ்வளவு திடீர் ஆபத்து இல்லை, ஆனால் பிரஷர் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே ஏறும். பக்கவாதத்துக்கும் சிறுநீரகக் கெடுதலுக்கும் அதுதான் வழி. விட்ட மாத்திரையைப் பழைய அளவில் தானாகவே மறுபடி தொடங்கவும் வேண்டாம், மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும்.

அவரிடம் பேசும்போது "ஏன் பொய் சொன்னீர்கள்" என்று தொடங்காதீர்கள். அவர் மறைப்பது மாத்திரையை அல்ல, அவமானத்தை. "இதற்கு வேறு மாத்திரை இருக்கிறதாம், சேர்ந்து போய்க் கேட்போம்" என்று சொல்லிப் பாருங்கள். துணை கூட வந்தால் பாதிப் பேருக்காவது வாய் திறக்கும் என்பது என் நம்பிக்கை.

கேள்வி: மார்புக்காம்பின் கீழே கட்டிபோல வீங்கி, தொட்டால் வலிக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கிறேன்.

பதில்: அந்த மருந்துக்கு இது நன்கு தெரிந்த விளைவு. ஆண் ஹார்மோன் ஒட்டவேண்டிய இடத்தை அது மறிக்கிறது. இதயச் செயலிழப்புக்காக இதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் ஆண்களில் 10 சதவீதம் பேருக்கு மார்பு வீக்கமோ வலியோ வந்தது. எப்லெரினோன் என்ற மாற்று இருக்கிறது, அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனாலும் மார்பில் கட்டி என்றால் ஒருமுறை மருத்துவர் கையால் பார்த்துவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

கேள்வி: பிரஷர் மாத்திரையோடு சில்டெனாஃபில் போடலாமா? நண்பர் ஒருவர் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: நண்பரிடம் வாங்க வேண்டாம். போடலாமா என்றால், பிரஷர் கட்டுக்குள் இருக்கிற பெரும்பாலானவர்கள் மருத்துவர் சொன்ன அளவில் போடலாம். இது பிரஷரைக் கொஞ்சம்தான் இறக்கும். ப்ரில், சார்டன், அம்லோடிபின், பீட்டா பிளாக்கர் எதனோடும் பொதுவாகப் பெரிய சிக்கல் இல்லை. இந்த மருந்தே முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் சோதிக்கப்பட்டது. அதில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. சோதனையில் இருந்த ஆண்கள் சொன்ன 'பக்கவிளைவு'தான் 1998இல் அதை விறைப்புக்கான மருந்தாகக் கொண்டுவந்தது.

கூடவே கூடாத ஒரு சேர்க்கை இருக்கிறது: நைட்ரேட். நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை, வாயில் அடிக்கும் நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே, ஐசோசார்பைடு, கூடவே நிக்கோராண்டில், இவற்றில் எதை எடுப்பவரும் சில்டெனாஃபில், அதே வகையைச் சேர்ந்த தடாலாஃபில் பக்கமே போகக் கூடாது. இரண்டும் ஒரே பாதையில் குழாயை விரிக்கின்றன. சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். இன்னொரு பக்கமும் நினைவில் வையுங்கள். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள், தடாலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்குள் நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்குப் போனால், வெட்கப்படாமல் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கே கொடுப்பது நைட்ரேட்டாக இருக்கலாம்.

டாக்ஸசோசின், பிரசோசின் போன்று ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஆல்ஃபா பிளாக்கர் எடுப்பவர்கள் சில்டெனாஃபிலும் போட்டால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழும் ஆபத்து உண்டு. அவர்களுக்குச் சில்டெனாஃபிலைக் குறைந்த அளவில், 25 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம்.

கேள்வி: எனக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை. விறைப்புக் குறைக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

பதில்: உண்டு, இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. ஆண்குறிக்குப் போகும் தமனியின் உள்விட்டம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். இதயத் தமனிகள் மூன்று, நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படிவது உடம்பெங்கும் ஒன்றாக நடந்தாலும், ஒடுக்கமான குழாயில் அடைப்பு முதலில் தெரியும். இதயநோய் வெளிப்படுவதற்கு இரண்டு முதல் ஐந்து வருடம் முன்பே பலருக்கு விறைப்புக் குறை வந்துவிடுகிறது. நாற்பதுகளில் இப்படி வந்தால் சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆசையும் குறைந்திருந்தால் காலை நேரத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவும்.

புகையை விட்டுவிடுங்கள். வாரம் நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம் வியர்க்க வியர்க்க நடப்பதை ஆறு மாதம் தொடர்ந்தால் விறைப்பு மேம்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உறவு வைத்தால் இதயம் தாங்குமா என்று பயப்படுகிறவர்களுக்கு: இரண்டு மாடி வேகமாகப் படியேறி நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வராதவருக்குப் பொதுவாகத் தாங்கும்.

கேள்வி: புராஸ்டேட்டுக்கும் மாத்திரை எடுக்கிறேன். உச்சம் வருகிறது, விந்து வருவதில்லை.

பதில்: டாம்சுலோசினாக இருக்கும். ஆபத்தில்லை, நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். குழந்தைக்கு முயல்கிறீர்கள் என்றால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கவிளைவே இல்லாத மூலிகைப் பொடி என்று விற்கிறார்கள். அரை மணியில் வேலை செய்கிறதாம்.

பதில்: அரை மணியில் வேலை செய்கிறது என்றால் அதற்காகவே சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட 'இயற்கை' பொருள்களில் சில்டெனாஃபிலையோ அதன் உறவு வேதிப்பொருளையோ அளவு சொல்லாமல் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நைட்ரேட் எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன்.

கேள்வி: மருத்துவரிடம் எப்படித் தொடங்குவது? நாக்கு எழும்பவில்லை.

பதில்: ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள்: "இந்த மாத்திரை தொடங்கி இத்தனை நாளில் விறைப்பில் குறை தெரிகிறது. மாற்ற முடியுமா? இப்போது எடுக்கும் மற்ற மருந்துகள் இவை." இவ்வளவு போதும். அவர் சிரித்து ஒதுக்கினால் வேறு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கேள்வியில் தவறு எதுவும் இல்லை. மாத்திரையை மாற்றினால் சில வாரமாவது பொறுங்கள், அதற்குள் வீட்டில் காலையும் மாலையும் பிரஷரை அளந்து எழுதி வையுங்கள். மாற்றியும் குறை அப்படியே இருந்தால், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும் என்று அந்த நோட்டைக் காட்டியே அவரிடம் பேசலாம்.