இசைக்குறிப்பு மென்பொருளில் எழுதிய பாட்டு மிடியில் உயிரில்லாமல் ஒலிக்கிறது. நல்ல சவுண்ட்ஃபான்ட் போட்டால் சரியாகுமா?

காவடிச் சிந்து ஒன்றை மியூஸ்ஸ்கோரில் எழுதியிருக்கிறீர்கள். சுரங்கள் எல்லாம் சரி, ஆனால் ஓடவிட்டால் பழைய கைப்பேசியின் அழைப்பொலி போல இருக்கிறது, வேறு சவுண்ட்ஃபான்ட் (கருவிகளின் ஒலித் தொகுப்பு) வாங்கலாமா என்கிறீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

மிடியில் ஒலி என்று எதுவும் கிடையாது. 1983இல் வந்த அந்த முறை தெரிவிப்பது எந்தச் சுரம், எப்போது தொடங்கியது, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டது என்ற விவரங்களைத்தான். அவற்றை ஒலியாக்குவது சவுண்ட்ஃபான்டின் வேலை. எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில், ஒரே அளவில் வந்தால் எவ்வளவு விலை உயர்ந்த வயலினைப் பதிவு செய்து வைத்திருந்தாலும் தபால் நிலையத்தில் தந்தி அடிப்பது போலத்தான் கேட்கும்.

மொரீசியசில், காத்ர் போர்ன் பக்கத்தில் உள்ள எங்கள் கோயிலின் காவடிப் பாட்டுக் குழுவுக்குப் பயிற்சி ஒலிப்பதிவுகளைத் தயாரிப்பது என் பொறுப்பு. பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். பாட்டின் சொற்களை ரோமன் எழுத்தில் வைத்துப் படிக்கிறார்கள். ஆனால் பியானோவோ வயலினோ கற்றவர்கள் பலர் இருப்பதால், ஐந்து கோட்டில் எழுதிக் கொடுத்தால் தோ, ரே, மி என்று உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் கணினியில் ஓடும் பாட்டுதான் வாரம் முழுக்க அவர்களுக்கு வாத்தியார். அது தட்டையாகப் பாடினால் அவர்களும் தட்டையாகத்தான் பாடுவார்கள்.

முதலில் அழுத்தத்தைக் கவனியுங்கள். மிடியில் அது 0 முதல் 127 வரை போகும். மியூஸ்ஸ்கோர் 3இல் நடுத்தர ஒலிக்குறியான எம்எஃப் 80, உரத்த ஒலிக்குறியான எஃப் 96. குறி எதுவும் போடாவிட்டால் பாட்டு முழுவதும் 80இலேயே போகும். சிந்து பெரும்பாலும் மும்மூன்றாகப் போகும் திஸ்ர நடை, எழுதுவது 6/8, அதாவது ஒரு கட்டத்துக்கு ஆறு எண்ணிக்கை. அந்த ஆறில் முதலாவதுக்கு 95, நான்காவதுக்கு 82, மற்றவற்றுக்கு 60 முதல் 68 வரை என்பது என் கணக்கு. சுரம் சுரமாக எண் கொடுக்கப் பொறுமை இல்லையென்றால், முதலாவதுக்கும் நான்காவதுக்கும் அழுத்தக்குறி போட்டு, அந்தக் குறிகளைத் தேர்ந்தெடுத்து 'வி' விசையைத் தட்டுங்கள். குறி தாளில் மறைந்துவிடும், ஒலியில் இருக்கும். ஒலிக்குறி, வேகக்குறி எல்லாவற்றையும் இப்படி மறைத்து வைக்கலாம். பாடுகிறவர் பார்க்கத் தாள் சுத்தமாக இருக்கும்.

இங்கே எங்களுக்கு ஓர் உள்ளூர்த் தொல்லை உண்டு. மொரீசியசின் நாட்டுப்புற ஆட்ட இசையான சேகாவும் 6/8தான். அந்தத் தாளம் எங்கள் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்து காலில் இருக்கிறது. அழுத்தத்தை மேலே சொன்னபடி தெளிவாக வைக்காவிட்டால் மூன்றாவது வரிக்குள் முருகன் பாட்டு சேகாவாகிவிடும். காவடி ஆடுவதற்கு அது பொருந்தாது என்று நான் சொல்லமாட்டேன்; பெரியவர்கள் சொல்வார்கள்.

அடுத்தது மூச்சு. மென்பொருளுக்கு நுரையீரல் இல்லை. வரி முடியும் இடத்தில் மூச்சுக்குறி போட்டு, எவ்வளவு நிற்க வேண்டும் என்பதை அதன் பண்புகளில் வினாடியாகக் கொடுங்கள். கால் வினாடி போதும். கடைசி அடியில் வேகத்தை நிமிடத்துக்கு 72 தட்டிலிருந்து 66க்குக் குறைத்து, பல்லவிக்குத் திரும்பும்போது மறுபடி 72 ஆக்குங்கள்.

இனி கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுவது. இங்கேதான் மேல்நாட்டு மென்பொருள் கையை விரிக்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்க கிளிஸாண்டோ கோடு போட்டால், இடையில் உள்ள அரைச்சுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போகும். ஆர்மோனியத்தில் விரலை இழுத்தது போலிருக்கும். அந்தக் கோட்டின் பண்புகளில் பாணியை 'போர்ட்டமென்டோ' என்று மாற்றினால் சவுண்ட்ஃபான்டில் உண்மையிலேயே வழுக்கும். செஞ்சுருட்டியில் அமைந்த சிந்துக்கு அதுவும், சுரத்துக்கு முன் தொட்டுச் செல்லும் சில முன்சுரங்களும் போதும்.

தோடியில் ஒரு பாட்டு வந்தால் போதாது. ச என்பதை மேல்நாட்டு முறையின் சி (C) சுரத்தில் வைத்தால் தோடியின் காந்தாரம் தாளில் இ ஃபிளாட். பாடும்போதோ அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே, அதாவது டி ஃபிளாட்டுக்கும் எஃப்புக்கும் இடையே ஆடுகிறது: கீழே இரண்டு அரைச்சுரம், மேலே இரண்டு. சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் மிடியின் பிட்ச் பெண்டுக்கு வழக்கமான எல்லையும் மேலே இரண்டு, கீழே இரண்டு. 0 முதல் 16383 வரை போகும் அந்த அளவில் நடு 8192. ஆகவே எல்லையை மாற்றாமலே அந்தக் காந்தாரத்தை வரைந்துவிடலாம். மிடி கோப்பாக ஏற்றுமதி செய்து, ரீப்பர் அல்லது ஆர்டர் (Ardour) போன்ற ஒலிப்பதிவு மென்பொருளில் திறந்து, பிட்ச் பெண்ட் பட்டையில் அலையைக் கையால் வரையுங்கள். பெண்ட் ஒரு சானல் (மிடியில் ஒரு கருவிக்கான தடம்) முழுவதையும் வளைக்கும் என்பதால் மெட்டு தனிச் சானலில் இருக்க வேண்டும். சுருதியையும் அதிலேயே போட்டால் தம்பூராவும் சேர்ந்து ஆடும். எல்லா கமகத்தையும் வரைய முயலாதீர்கள். பிள்ளைகள் தவறுகிற இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் வரைந்தால் போதும். மற்றவற்றை நேரில் பாடிக் காட்டுங்கள்.

தாளக்கருவியில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1991இன் ஜெனரல் மிடி பட்டியலில் உள்ள 128 ஒலிகளில் சிதார் உண்டு, ஷெனாய் உண்டு. பத்தாவது சானலில் இருக்கும் தாளத் தொகுப்பில் சேகாவின் முக்கோணம்கூட உண்டு; மிருதங்கமும் இல்லை, சேகாவின் தோல்கருவியான ரவானும் இல்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்கு 64ஆம் எண் தாழ்ந்த காங்கா, வலப்பக்கமான வலந்தலைக்கு 62ஆம் எண் என்று வைத்தால் ஏறக்குறைய ஒப்பேறும்.

மெட்டுக்குப் பலரும் 'ஆ' என்று பாடும் குழுக்குரலான 'கொயர் ஆஸ்' ஒலியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது மெதுவாக எழும் ஒலி. ஒவ்வொரு சுரமும் தாமதமாக வருவது போலிருக்கும். பாடிப் பழகுவதற்கு ஓபோ அல்லது கிளாரினெட் நல்லது. எதிரொலியையும் பாதியாகக் குறையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு வேண்டுமானால் ஒலியை மாற்றிப் பாருங்கள். ஃப்ளூயிட்ஆர்3 இலவசம், மியூஸ்ஸ்கோர் 4 என்றால் மியூஸ் சவுண்ட்ஸ் இருக்கிறது. குழுவுக்கு அனுப்பும்போது மிடி கோப்பை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு கைப்பேசியும் கணினியும் தன்னிடம் உள்ள ஒலியில்தான் அதை வாசிக்கும், உங்கள் உழைப்பில் பாதி வீணாகும். எம்பி3 ஆக மாற்றி, மெட்டு உரத்து ஒலிப்பது ஒன்று, தாளம் உரத்து ஒலிப்பது ஒன்று என இரண்டாக அனுப்புங்கள்.