கம்பைக் கையில் கொடுக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 24 வயது, ஊர் பெரியபட்டினம் பக்கம். ஒன்பது வருடமாகச் சிலம்பம் ஆடுகிறேன், போட்டிகளில் இரண்டு முறை பரிசு வாங்கியிருக்கிறேன். இப்போது பள்ளிக்கூடமும் லீவு, மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுக்குப் போகிற அப்பாமார்களும் ஊரில்தான் இருக்கிறார்கள். பதினைந்து பிள்ளைகளின் வீட்டிலிருந்து வந்து 'நீயே கத்துக்கொடு தம்பி' என்கிறார்கள். என் வாத்தியார் கீழக்கரையில் இருக்கிறார், வயதாகிவிட்டது, அவரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. கற்றுக்கொடுக்க நான் தயாராகிவிட்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: தம்பி, ஒன்பது வருடம், இரண்டு பரிசு, பதினைந்து பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சொன்னீர்கள், நான் பிடித்துக்கொள்வது 'கேட்கத் தயக்கமாக இருக்கிறது' என்ற அந்த ஒரு வரியைத்தான். ஏன் தயக்கம்? 'இன்னும் நாள் ஆகட்டும்' என்று சொல்லிவிடுவார் என்ற பயமா? அப்படியானால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் உங்களிடமே இருக்கிறது. அல்லது, அவர் இருக்கும்போதே தனியாகக் களம் போட்டால் அவர் மனம் நோகுமே என்ற மரியாதையா? கேட்காமல் ஆரம்பித்து, அதை யாரோ மூன்றாவது ஆள் டீக்கடையில் அவரிடம் சொன்னால் இன்னும் அதிகம் நோகும். இந்த வாரமே போய் நேரில் கேளுங்கள். போனில் வேண்டாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 22 வயதில் நானும் இப்படித்தான், சாயல்குடிப் பக்கம் ஒரு பனங்காட்டு ஓரத்தில், என் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்த்து ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம், ஒன்பது வயதுப் பையன் கையில் பெரியவர்கள் ஆடுகிற கம்பைக் கொடுத்து, அவனைவிடத் தலை உயரம் கூடிய பையனுக்கு எதிரே நிறுத்திவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பி ஒருவனுக்கு இரட்டைக் கம்பு வீசிக் காட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் சின்னவனுக்குப் புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம். நாலு தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், அவன் அப்புறம் கம்பைத் தொடவே இல்லை. வாத்தியாரிடம் போய் நின்றபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "நீ கம்பைப் பார்த்துக்கிட்டு இருந்தே, பிள்ளையை யாரு பார்த்தா?" முப்பது வருடம் ஆகிறது, அந்தக் கேள்விக்கு இன்னும் நான் தினமும் களத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் நீங்கள் எத்தனை காலடி வரிசை தெரியும், எத்தனை வீச்சு தெரியும் என்று எண்ணிப் பார்க்காதீர்கள். அடுத்தவன் ஆடும்போது உங்கள் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆடுகிறவன் கண் கம்பின் நுனியில் இருக்கும், அது தப்பில்லை, அவனுக்கு அதுதான் வேலை. சொல்லிக்கொடுக்கிறவன் கண் முதலில் குதிகாலுக்குப் போக வேண்டும், அப்புறம் இடுப்பு, தோள், கடைசியாகத்தான் கம்பு, ஏனென்றால் வீச்சு தப்புகிற பிள்ளைக்கு முக்கால்வாசி நேரம் தப்பியிருப்பது காலடி. நம் கடற்கரையில் இது இன்னும் சிக்கல். மணலில் பழகிய கால் மணலுக்குள் புதைந்து, முழு பாதத்தையும் ஊன்றித் திரும்பப் பழகியிருக்கும், அதே பிள்ளையைப் போட்டிக்குக் கொண்டுபோய்ச் சிமெண்ட் தரையில் விட்டால் திரும்பும்போது வழுக்குவான், அல்லது நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்பான். வாரத்தில் இரண்டு நாளாவது கெட்டித் தரையில் ஆட வையுங்கள். உங்களுக்கு இதெல்லாம் உடம்பு தானாகச் செய்துகொண்டுவிடும், ஒன்பது வருடம் ஆயிற்றே. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரிகிறதா என்பதுதான் சங்கதி.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தெருவில் இடது கைப் பழக்கம் உள்ள ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரே ஒரு காலடி வரிசையை மட்டும் சொல்லிக்கொடுங்கள். முதல் தடவை நீங்கள் செய்து காட்டுவீர்கள், அவனுக்கு வராது. இரண்டாவது தடவை மெதுவாகச் செய்து காட்டுவீர்கள், அப்போதும் வராது. மூன்றாவது தடவை உங்களிடம் வேறு வழி இருக்கிறதா, அல்லது 'என்னைப் பார்த்துச் செய்டா' என்று குரல் ஏறுகிறதா? குரல் ஏறினால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். மணலில் பாதத்தடம் வரைந்து காட்டினீர்கள், அல்லது அவன் எதிரே கண்ணாடி மாதிரி நின்று மாற்றிச் செய்தீர்கள் என்றால் நீங்கள் வாத்தியார் வேலைக்குள் காலெடுத்து வைத்துவிட்டீர்கள்.

முழுக்கக் கற்று முடித்த பிறகுதான் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள், அப்படிப் பார்த்தால் யாருமே ஆரம்பிக்க முடியாது. ஜப்பானில் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-ல் எய்ஷோஜி என்ற கோயிலில் 12 பாய் விரித்து, ஒன்பது மாணவர்களோடு தன் பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. உங்களைவிடச் சின்னவர். அப்போதும் அவர் ஒரு ஆசிரியரிடம் கற்றுக்கொண்டுதான் இருந்தார், அந்த ஆசிரியரே அங்கே வந்து மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். உங்கள் வாத்தியாருக்கு முடிந்தால் மாதம் ஒரு நாள் ஆட்டோ வைத்து அழைத்து வாருங்கள், ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், பிள்ளைகள் உங்களைத் தொட்டுக் கும்பிடும் முன் அவரைக் கும்பிடட்டும். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நீங்கள் கவனிக்காத நாலு விஷயத்தைச் சொல்லுவார்.

பதினைந்து பேர் வேண்டாம், நாலு பேரோடு ஆரம்பியுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிள்ளைக்கு நாலரை அடிக் கம்பு, கை நீட்டினால் இரண்டடி, ஆக ஒருவனைச் சுற்றி ஆறரை அடி காலியாக இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு நடுவே 13 அடி. பதினைந்து பேரை இந்த இடைவெளியில் நிறுத்த எவ்வளவு பெரிய இடம் வேண்டும், அந்தக் கடைசிப் பையனின் குதிகால் உங்கள் கண்ணுக்குத் தெரியுமா? முதல் சில வாரம் கம்பே இல்லாமல் காலடி மட்டும் போடுங்கள், சலிப்பு வந்து இரண்டு பேர் நின்றுவிடுவார்கள், பரவாயில்லை. வெயில் ஏறும் முன் காலையில், இல்லையென்றால் சாயந்தரம் ஐந்துக்கு மேல். கச்சான் காற்று அடிக்கும் நாளில் கடலோரத்தில் வைக்காதீர்கள், மணல் கண்ணில் விழுந்த பிள்ளைக்கு எதிராளி கம்பு எங்கே தெரியும்? பனைமரம் மறைத்த உள்பக்கம் போய்விடுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ, தூக்கக் கலக்கமாக இருந்தாலோ, பேச்சு குழறினாலோ எண்ணெய் தேய்த்து, கட்டுப்போட்டு நேரத்தைப் போக்காதீர்கள், உடனே 108.

சுருள்வாள், தீப்பந்தம், வர்மம் பற்றிப் பிள்ளைகள் முதல் நாளே கேட்பார்கள், செல்போனில் பார்த்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் முறையாகக் கற்காததை 'எனக்குத் தெரியாது, வாத்தியாரிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல உங்களுக்கு வாய் வர வேண்டும். அது வருகிறதென்றால் எனக்கு உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. கராத்தேயில் கறுப்பு பெல்ட் வாங்கிவிட்டான். தனியாக வகுப்பு நடத்தப் போகிறேன் என்று நிற்கிறான். விடலாமா?
(தொண்டியிலிருந்து ஒரு தந்தை)

பதில்: தனியாக வேண்டாம். உதவியாளாக விடுங்கள். முதல் கறுப்பு பெல்ட்டுக்கு ஜப்பானிய மொழியில் 'ஷோதான்' என்று பெயர், ஆரம்பப் படி என்று அர்த்தம், அடிப்படை கைக்கு வந்துவிட்டது, இனிமேல்தான் படிப்பு என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. 17 வயதுப் பையனுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லவில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு அவனைத்தான் ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் பெற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பை இன்னும் 18 முடியாதவன் தலையில் வைக்கக்கூடாது. அவனுடைய மாஸ்டர் வகுப்பிலேயே முதல் வரிசைப் பிள்ளைகளை இவன் பார்த்துக்கொள்ளட்டும், இரண்டு வருடம். அப்புறமும் இதே ஆசை இருந்தால் தாராளமாக விடுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது, இரண்டு குழந்தைகள். என் பிள்ளைகளைக் கூட்டிப் போன இடத்தில் நானும் சிலம்பம் கற்க ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது. பெண் வாத்தியார் என்றால் எங்கள் பெண் பிள்ளைகளை அனுப்புவோம் என்று பல வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் 'அஞ்சு வருஷத்துல வாத்தியாரா' என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். என்ன செய்யட்டும்?
(தங்கச்சிமடம் வாசகி)

பதில்: ஆரம்பியுங்கள் அம்மா. உங்கள் ஆசான் சம்மதித்தால் நாளைக்கே. முதல் கேள்வி கேட்ட தம்பிக்குச் சொன்ன எல்லாம் உங்களுக்கும் பொருந்தும், ஆனால் உங்களிடம் அவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, நீங்கள் 29 வயதில் கற்க ஆரம்பித்தவர், உடம்பு வளையாமல் ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்துக் கற்றிருப்பீர்கள். பத்து வயதில் கற்றவனுக்கு அது எப்படி வந்தது என்றே ஞாபகம் இருக்காது, உங்களுக்கு எங்கே கஷ்டப்பட்டோம் என்பது ஒவ்வொன்றாக நினைவிருக்கும். சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல சரக்கு எது?

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அதைப் பார்த்த பெண் பிள்ளைகள் கேட்டு வருகிறார்கள், கூட்டிப்போக ஆள் இல்லாமல், நம்பிவிட இடம் இல்லாமல் பாதிப் பேர் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய மனக்குறை. நீங்கள் வகுப்பு நடத்தும்போது எந்தத் தாய் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தோளையோ இடுப்பையோ திருத்த வேண்டுமென்றால் 'தொடட்டுமா' என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள், கம்பு நுனியால் காட்டினால் இன்னும் நல்லது. எந்தப் பிள்ளையையும் தனியாக வைத்து வகுப்பு எடுக்காதீர்கள். இது பெண் வாத்தியாருக்கும் ஆண் வாத்தியாருக்கும் ஒன்றுதான். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்று தமிழில் ஒருமுறை வாசித்து வையுங்கள், ஒரு பிள்ளை வந்து உங்களிடம் எதையாவது சொன்னால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உங்கள் மனதில் இருக்கட்டும். பேசுகிறவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களுடைய பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மூங்கில் நல்லதா, பிரம்பு நல்லதா?
(தேவிபட்டினம் வாசகர்)

பதில்: சின்னவர்களுக்குப் பிரம்பு. வளைந்து கொடுக்கும், அடி பட்டால் நுனி நார் நாராகப் பிரியுமே தவிர மூங்கில் மாதிரி நீளவாக்கில் பிளந்து கையைக் கிழிக்காது. நம் கடல் காற்றில் எதை வாங்கினாலும் கூரைக்கு வெளியே போட்டு வைக்காதீர்கள். உயரம் பிள்ளையின் நெற்றிக்கு வந்தால் போதும். ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன் எல்லாக் கம்பையும் நீங்களே ஒருமுறை துணியால் உருவிப் பாருங்கள், துணி எங்கே மாட்டுகிறதோ அந்தக் கம்பை ஒதுக்கிவிடுங்கள்.